வெடிக்க மறுத்த வண்டி

பெத்துராஜின் வண்டி காலையில் ஒரு தடவை வெடிக்கும். வெடித்த பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். நூறு சிசி வண்டி, இரண்டு பேர் ஓட்டிக் கழித்ததை வாங்கியிருந்தான். அந்த உடம்புக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள். லேக் கார்டன்ஸில் அவன் குடியிருந்த சந்துக்கு அது பழகிவிட்டது. எதிர்வீட்டு வங்காளி அம்மாள் மட்டும், அவன் கிக்கரில் கால் வைத்ததும் காதைப் பொத்திக்கொள்வாள். வெடித்ததும் கையை எடுத்துவிட்டு, "துர்கா, துர்கா" என்று வழியனுப்பி வைப்பாள்.

பழகாதது அவன் மனைவி அகிலாவுக்குத்தான். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். தமிழைவிட வங்காளம் முந்திக்கொண்டு வரும். பெத்துராஜ் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரின் முறுக்குக் கடைக்கு வந்து சேர்ந்தவன். வந்து பல வருஷமாகியும் அவனுடைய வங்காளம் எண்களிலும் பலகாரப் பெயர்களிலும் நின்றுவிட்டது. கடைக்கு அது போதுமாக இருந்தது. வண்டியை மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி அகிலா நச்சரித்தபோது, காட்டியாயிற்று, ஒன்றும் கோளாறில்லை என்று சொல்லிவிட்டார் என்றான். அதோடு பேச்சு முடிந்தது. வண்டி வெடிப்பது முடியவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், கிடர்பூர் கடைகளுக்கு முறுக்கும் தட்டையும் போடப் போனான். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கி வெகுநேரம் நின்றான். வெளியே நின்ற வண்டி நனைந்து குளிர்ந்து போயிற்று. அன்றைக்குப் பக்கத்துத் துறைமுகத்துக்கு யாரோ பெரிய மனிதர் வருவதாக இருந்தது. சாலையோரம் கயிறு கட்டி, வெள்ளைச் சீருடைப் போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பெத்துராஜின் வண்டி கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றது. மழை விட்டதும் அவன் போய் உதைத்தான். பிடிக்கவில்லை. மறுபடியும் உதைத்தான். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். இன்னும் சில உதை உதைத்ததும் வண்டி பிடித்தது.

சத்தம் வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது. கைவண்டிக்காரர் ஒருவர் வண்டியைப் போட்டுவிட்டு ஓட, வெங்காய மூட்டை சரிந்து வெங்காயம் சாலையெங்கும் உருண்டது. இரக்கத்தோடு பார்த்தவர் அந்தக் கைவண்டிக்குப் பின்னால் படுத்திருந்தார். நின்றுகொண்டிருந்தது பெத்துராஜ் மட்டும்தான். அதுவே அவன் மேல் சந்தேகம் வரப் போதுமானதாக இருந்தது.

என்ன சத்தம் அது என்று கேட்டார்கள். தெரிந்த சொற்களையெல்லாம் திரட்டி அவன் உண்மையைச் சொன்னான்.

"ரோஜ் ஷொகாலே ஃபாடே."

தினமும் காலையில் வெடிக்கும் என்று அர்த்தம். எது வெடிக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. வண்டிதான் என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே என்று நினைத்தான். எங்கே வெடிக்கும் என்று அடுத்த கேள்வி வந்தது. அவர்கள் அக்கறையோடு கேட்பது அவனுக்குத் தைரியத்தைக் கொடுத்தது. லேக் கார்டன்ஸ், வீட்டு வாசலில், என்று விவரமாகவே பதில் சொன்னான்.

வண்டியில் கட்டியிருந்த தகர டின்னைத் தூரத்தில் வைத்து, நீள மூங்கிலால் மூடியைத் தட்டித் திறந்தார்கள். முறுக்குகள் சரிந்து ஈரத்தில் விழுந்தன. வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடந்தவற்றை யாரும் கொஞ்ச நேரம் நெருங்கவில்லை. பிறகு ஒருவர் குனிந்து மோந்து பார்த்து, சீரகம் என்று அறிவித்தார். ஆனாலும் ஸ்டேஷனுக்கு வரத்தான் வேண்டும் என்றார்கள். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அணைக்காமல் விட்ட வண்டியை இளம் போலீஸ்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அது சாதுவாக வந்தது. அணைக்க யாரும் துணியாததால் ஸ்டேஷன் முற்றத்தில் ஓடிக்கொண்டே நின்றது.

ஸ்டேஷனில் எல்லோரும் பொடோ பாபு என்று கூப்பிட்ட பெரிய அதிகாரி, கனத்த உடம்புக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். அவர் கேட்டது பாதி பெத்துராஜுக்குப் புரிந்தது. அவன் சொன்னதில் கால்வாசி அவருக்குப் புரிந்தது. கடைசியில் அகிலாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள்.

அகிலா ஆட்டோ மாறி, பஸ் மாறி வந்து சேர்ந்தாள். புருஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும், மேஜை மேல் முறுக்கு டின் இருப்பதையும் பார்த்தாள். வரும் வழியில் எதையெதையோ நினைத்து அழுதிருக்கிறாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. பெத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வங்காளத்தில் மூச்சுவிடாமல் பேசினாள். அது வண்டியின் சைலன்சர், வருஷக்கணக்கில் வெடிக்கிறது, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள்.

சரி, ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள் பௌதி, என்று அண்ணி முறை வைத்துச் சொன்னார் அதிகாரி.

எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். பெத்துராஜ் வண்டியை அணைத்து, வேட்டு வைக்கப் போகிறவன் போல ஒரு தடவை மூச்சிழுத்துவிட்டு உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி பிடித்தது. எண்ணெய் போட்ட தையல் மெஷின் மாதிரி மெதுவாக, அழகாக ஓடியது. அதை வாங்கிய நாளிலிருந்து காலையில் இப்படிப் பிடிக்க வேண்டும் என்றுதான் அவன் வேண்டிக்கொண்டிருந்தான். அணைத்துவிட்டு மறுபடி உதைத்தான். மறுபடியும் அப்படியே.

வெடிக்கவில்லையே, என்றார் அதிகாரி.

"சூடா இருக்கு அகிலா. சூட்டுல வெடிக்காது. ஆறணும்னு சொல்லு" என்றான் பெத்துராஜ்.

அவள் சொன்னாள். அதிகாரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சைலன்சர் பக்கம் வெடிக்குமா, முன்பக்கமா என்று கேட்டார். பின்னால் என்றான். சோக் இழுத்தால்? கொஞ்சம் குறையும் என்றான். அகிலா இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள்.

"இவ்வளவும் ஒங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் மெக்கானிக் ஒண்ணுமில்லன்னு சொன்னாரு?"

பெத்துராஜ் வண்டியின் டேங்கைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அவரும் இதத்தான் கேட்டாரு. எனக்குச் சொல்ல வரல. வாயால சத்தம் போட்டுக் காட்டுனேன். சிரிச்சாங்க. இன்னொரு தடவ போடுன்னு பக்கத்துக் கடைக்காரனையும் கூப்புட்டாங்க. நா வந்துட்டேன்."

"என்னக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எல்லாத்துக்கும் ஒன்னயேவா கூட்டிட்டுப் போவ முடியும்?"

என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். வண்டியைப் பற்றித்தான் என்றாள் அகிலா.

வண்டி ஆறுவதற்குக் காத்திருந்தார்கள். டீ வந்தது. டின்னின் அடியில் நனையாமல் இருந்த முறுக்கில் ஒன்றை இளம் போலீஸ்காரர் எடுத்தார். பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். அதிகாரி தன் கல்லூரிக் காலத்தில் இதே மாதிரி ஒரு வண்டி வைத்திருந்ததாகச் சொல்லி, டார்ச் வாங்கி வண்டிக்குக் கீழே குனிந்தார். அந்த வயிற்றோடு அவர் குனிந்ததைப் பார்த்துச் சிப்பந்திகள் மரியாதையோடு வேறு பக்கம் திரும்பினார்கள்.

கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருந்தது. அதன் வழியாகக் காற்று உள்ளே போகிறது, அதனால் குளிரில் வண்டி சட்டென்று பிடிப்பதில்லை, உதைக்க உதைக்க எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்கிறது, கடைசியில் எஞ்சின் பிடிக்கும்போது அந்த நெருப்பில் எல்லாம் சேர்ந்து வெடிக்கிறது என்றார். அகிலா சொல்லச் சொல்ல பெத்துராஜ் தலையாட்டினான். அவனும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தான்.

சாயங்காலம் ஆகும்போது வண்டியைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் தள்ளி நின்றார்கள். பெத்துராஜ் உதைத்தான். பிடிக்கவில்லை. அவன் முகத்தில் நம்பிக்கை வந்தது. இன்னும் சில உதைக்குப் பிறகு முற்றம் அதிர்ந்தது. கூரைப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. உள்ளே புகார் எழுதிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். அதிகாரி திருப்தியோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, போகலாம் என்றார். நாளைக்குள் ரப்பரை மாற்ற வேண்டும் என்றும், வெங்காயக்காரரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வேறொரு மெக்கானிக்கிடம் போனார்கள். கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அகிலா நின்றுவிட்டாள். ஒரு பழக்கடையில் பேரிக்காயைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். வாங்குகிற எண்ணம் அவளுக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் தனியாகவே போனான். முந்தின ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் கேட்டு வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னான். பாதியில் ஒரு சொல் பிசகியது. மெக்கானிக் சிரித்தார். பெத்துராஜ் கிளம்பிவிடவில்லை, அந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டான். அவர் சொல்லிக் கொடுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

புது ரப்பர் போட்டதும் வண்டி ஒரே உதையில் பிடித்தது. அகிலா வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். கையில் பை நிறையப் பேரிக்காய் இருந்தது. கடைக்காரர் அவளை அவ்வளவு நேரம் சும்மா நிற்க விடவில்லை.