எஞ்சின், ஒன்று

உடையப்பன் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவன் நெற்றியில் கியர் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. எஸ்டேட் லயத்தின் வரிசை வீட்டுப் பின்வாசல்களில் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் துணி கொடுக்கவில்லை.

புதன்கிழமை ஸ்டோருக்குப் பின்னாலிருந்த தண்ணீர் பம்பு எஞ்சின் காணாமல் போனதிலிருந்து எஸ்டேட்டில் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் பம்பைக்கூட உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். அண்ணன் தம்பியே ஒருவர் மண்வெட்டியை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். இந்த நேரத்தில் ஒரு மனிதன் வீட்டுக்குப் பின்னால் எஞ்சினோடு பிடிபட்டால், அது அவனுடைய காருக்குள்ளேயே இருந்தாலும், பார்க்க ஆள் வரத்தான் செய்யும்.

டட்சனின் பானெட் கோழிக்கூண்டின் மேல் கிடந்தது. ரேடியேட்டர் சுவரில் சாய்ந்திருந்தது. கழற்றிய போல்ட்டுகளை ஐந்து பால் டின்களில் பிரித்துப் போட்டிருந்தான். எஸ்டேட் பாலர் பள்ளிக்காக நட்ட ஊஞ்சல் சட்டம் தலைக்கு மேல் இருந்தது. சட்டம் வந்து மூன்று வருடம். ஊஞ்சல் இன்னும் வரவில்லை. அந்தச் சட்டத்தில் பேக்டரியின் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டியிருந்தான். உடையப்பன் பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். சனிக்கிழமை வாயால் சொல்லிவிட்டுச் சாமான் எடுப்பதும், திங்கட்கிழமை காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் திருப்பி வைப்பதும் எல்லாரும் செய்வதுதான். இந்தச் சனிக்கிழமை மட்டும் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி உமாபதி பேக்டரிச் சாவியைத் தானே எடுத்து நீட்டி, "எஞ்சின எப்ப வெளிய எடுப்ப? நாளைக்குக் காலையிலயா?" என்று அக்கறையாக விசாரித்தார். கிராணி அக்கறை காட்டியதை நினைத்து உடையப்பனுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

"ஏங்க, நாளைக்கு ஓடும்ல?" என்றாள் அவன் மனைவி கலாவதி. கியர்பாக்ஸின் வால் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கா? ரிங்கு மாத்தணும், கிளச்சு மாத்தணும். புதன்கிழமை சாயங்காலம் ஓடும்."

"அதுக்கு மேல ஆகாதே? தவுக்கே மூணு நாளுதான் லீவு விட்டிருக்காரு. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு நான் போகலன்னா என் ஸ்டூல்ல வேற ஆளு ஒக்காந்துரும்."

பாசிர் பெனம்பாங்கில் அந்தச் சீன முதலாளியின் இறால் தரம் பிரிக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. எஸ்டேட் முச்சந்திக்கு முதல் பஸ் ஆறரைக்குத்தான் வரும்.

"ஓடும்னு சொல்றேன்லா. வாலப் புடி."

அவன் சங்கிலியை இழுத்தான். எஞ்சின் ஒரு விரற்கடை எழும்பி நின்றது. குனிந்து எக்ஸாஸ்ட் பைப்பைத் தட்டிவிட்டான். மறுபடி இழுத்தான். மூக்கு மேலேயும் கியர்பாக்ஸ் கீழேயுமாக, படுக்கையிலிருந்து எழுந்திருக்கும் கிழவனைப்போல் அது சாய்ந்து சாய்ந்து வெளியே வந்தது. கலாவதி வாலைத் தாங்கி வழிநடத்தினாள். காரைப் பின்னால் தள்ளியதும் எஞ்சின் மட்டும் சட்டத்தில் தனியாக ஆடியது.

அப்போதுதான் எஸ்டேட் லோரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து கிராணி உமாபதியும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முருகையாவும் இறங்கினார்கள். கிராணியின் கக்கத்தில் ஸ்டோர் புத்தகம் இருந்தது. லோரியின் பின்பலகை ஏற்கனவே திறந்திருந்தது.

"வந்துருச்சா?" என்றார் கிராணி.

"வந்துருச்சு கிராணி."

"கியரும் சேத்தா?"

"சேத்துதான்."

"நல்லதா போச்சு. நம்பரைத் தொடச்சு விடு."

உடையப்பன் துடைத்தான். கிராணி எண்ணைப் படித்துவிட்டுக் காரின் பதிவுக் கார்டைக் கேட்டார். கலாவதி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டையும் மூன்று தடவை பார்த்தார்.

"வேற வேறயா இருக்கே?"

"ரெண்டு வருசத்துக்கு முன்ன கிள்ளான்ல பழைய இரும்புக் கடையில வாங்கிப் போட்டது. எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க. யாரு போயி கார்டுல மாத்துறா?"

"அப்ப கார்டுல உள்ள எஞ்சின் இது இல்ல."

"இல்ல. ஆனா என்னோடது."

"ரசீது?"

"இரும்புக் கடையில எங்க கிராணி ரசீது தர்றான்?"

கிராணி தலையாட்டினார். கேட்டதில் அவருக்குத் திருப்தி என்று தெரிந்தது.

"நாளைக்குக் கோலாலம்பூர்லேர்ந்து ஆபிசர் ஸ்டோரைச் சோதிக்க வர்றாரு. புக்குல என்னா இருக்கு தெரியுமா? 'எஞ்சின், ஒன்று.'"

உடையப்பன் பிளக்குகளைத் தொட்டுக் காட்டினான். "கிராணி, அது ஒத்த சிலிண்டரு டீசலு. இது நாலு சிலிண்டரு பெட்ரோலு. மண்டோரண்ணே, நீங்களே சொல்லுங்க. பன்னெண்டு வருசமா அந்தப் பம்ப நீங்கதான ஹேண்டில் சுத்துனீங்க?"

முருகையா எஞ்சினைச் சுற்றி வந்தார். நாலு ஸ்பார்க் பிளக்கையும் பார்த்தார். பிறகு கிராணியைப் பார்த்தார்.

"எஞ்சினு மாதிரிதான் இருக்கு," என்றார்.

"பம்புக்கு எதுக்கு அண்ணே கியர்பாக்ஸ்?"

"அதெல்லாம் எனக்கென்னாப்பா தெரியும். நா மண்டோரு."

"புக்குல சிலிண்டரு எத்தனன்னு எழுதல," என்றார் கிராணி. "நம்பரும் எழுதல."

"நம்பரே இல்லன்னா இதுதான் அதுன்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"இது அது இல்லன்னு நீ எப்பிடிச் சொல்லுவ?"

பின்வாசலில் யாரோ "நாயமாத்தான கேக்குறாரு" என்றார்கள்.

கலாவதி கையைப் பாவாடையில் துடைத்தாள். "ஒங்க மச்சான் தஞ்சோங் காராங்ல வயலுக்குப் புதுசா தண்ணி எறைக்கிறாராமே, கிராணி. போன வியாழக்கிழமையிலேர்ந்தாம். எந்த எஞ்சின்ல எறைக்கிறாரு?"

கிராணி பேனாவைத் திறந்தார்.

"இந்த வீடு யாரு பேர்ல இருக்கு, உடையப்பா?"

"எம் பேர்ல."

"எஸ்டேட்ல வேலை செய்யுற வரைக்கும்." பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. "போலீசுக்கு எழுதவா? இல்ல, விசாரணை முடியுற வரைக்கும் இதை ஸ்டோர்ல வைக்கவா? போலீசுன்னா பெரட்டுல பேரு கூப்பிட மாட்டாங்க. வீட்டையும் விடணும். ஒன்னோட நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

உடையப்பன் கலாவதியைப் பார்த்தான். அவள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசாரணை எப்ப முடியும்?"

"முடிஞ்சதும் முடியும்."

லோரி பின்னால் வந்து சட்டத்தை ஒட்டி நின்றது. செயின் பிளாக்கை இயக்க வேறு யாருக்கும் தெரியாததால் உடையப்பனே இறக்கினான். முருகையா கீழே கையைக் கொடுக்க, "வெரல எடுங்கண்ணே, நசுங்கிரும்" என்றான். கியர்பாக்ஸ் பலகையில் மோதாமல் இருக்க அடியில் ஒரு கோணியை மடித்து வைத்தான். ஸ்டோரிலும் அவனே இறக்கிவைத்தான். கிராணி கேட்டுக்கொண்டபடி எஸ்டேட் பச்சைப் பெயிண்டையும் ஒரு கை அடித்துக் கொடுத்தான்.

ஆபிசர் திங்கட்கிழமை வந்து பத்து நிமிடத்தில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டான். செவ்வாயும் புதனும் பெரட்டு முடிந்ததும் ஆபிஸ் வாசலில் நின்றான். விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவனை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை கலாவதி முதல் பஸ்ஸில் போய், ஒன்பது மணிக்கே திரும்பி வந்தாள். ரப்பர் பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்திருந்தாள். உடையப்பன் வேலைக்குப் போகாமல் காருக்குப் பக்கத்தில் நின்றான்.

காரின் கண்ணாடித் துடைப்பானில் ஒரு காகிதம் செருகியிருந்தது.

"என்னா எழுதியிருக்கு?" என்றாள்.

"ஓடாத காடிய லயத்துல வச்சிருக்கக் கூடாதாம். ஏழு நாள்ல எடுத்துரணுமாம். இல்லாட்டி எஸ்டேட்டே எடுத்துக்குமாம்."

"யாரு கையெழுத்து?"

"கிராணி." அவன் மறுபடி பார்த்தான். "தேதி போன சனிக்கிழம போட்டிருக்கு."

"சனிக்கிழம காடி ஓடுச்சே."

"ஓடுச்சு."

ஏழு நாளில் ஐந்து நாள் போயிருந்தது. கலாவதி பூட்ஸ் பையைப் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். உடையப்பன் ஹேண்ட்பிரேக்கை விட்டான். எஞ்சின் இல்லாத டட்சன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கை எஸ்டேட்டுக்கு வெளியே போகும் பாதைப் பக்கம் திருப்பிப் பிடித்தான். அவள் பின்னால் தோள் கொடுத்தாள். லயத்துப் பின்வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

தள்ளுவதற்கு இரண்டு பேரே போதுமாக இருந்தது.