கருப்பின் அளவு

நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். மேகமும் மழையும் போக, திரை வெயிலில் நின்ற நேரம் மட்டும் அவ்வளவு. நாள் கணக்கில் ஐம்பத்திரண்டு.

அத்தான் அதை முன்னறை ஜன்னலில் பொருத்தியிருந்தார். ஒரு கதவைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டத்துக்குள் ஒரு கணினித் திரை. அதன் முதுகில் இருந்த தகரத்தையும் விளக்குப் பட்டையையும் எடுத்துவிட்டார். வெயிலுக்கும் திரைக்கும் நடுவில் பால் நிறத் தாள் ஒன்றுதான். வெளியே சூரியன், உள்ளே நாங்கள், நடுவில் எழுத்து.

மானிட்டர் சர்வீஸ் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். விளக்கு செத்த திரைகளை அங்கே நொறுக்கித் தள்ளுவார்கள். "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, விளக்குதான் போச்சு. வெளியில அவ்வளவு பெரிய விளக்கு சும்மா எரியுதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நாற்பது திரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கரண்ட் ஒழுங்காக வராத பள்ளிக்கூடங்களுக்காம். மின்சாரத்தில் முக்கால்வாசியை விளக்குதான் தின்கிறது. மீதிக்குச் சின்ன பேட்டரி போதும்.

"ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கச் சொன்னேன். சீலையை விட்டுட்டு வந்துட்டார்" என்றாள் அக்கா.

கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். இந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை இடம் காலியாக இருக்கும், மனசு மாறினால் வா என்று சொல்லியிருந்தார். அக்கா காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

திரை வெயிலைத் தாங்குகிறதா என்று அளப்பது என் வேலை. இயற்பியல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக அக்கா வீட்டில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வில் எனக்குப் பதில் தெரியும், குரல்தான் வராது. அத்தான் என்னை விஞ்ஞானி என்று கூப்பிடுவார். கேலியாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக அவர் குரலில் கேலி இல்லாமல் போய்விட்டது.

தினமும் நாலு மணிக்கு, ஜன்னலை விட்டு வெயில் இறங்கியதும் திரையைக் கழற்றி, ஒரே மேசை விளக்கின் முன் நிறுத்தி, முழு வெள்ளைப் பக்கம் ஒன்றை வைத்து, ஒளிமானியைப் பிடிப்பேன். முதல் நாள் இருநூற்று எட்டு. குறையும் என்று எதிர்பார்த்தோம். இருபதாம் நாள் இருநூற்றுப் பதினைந்து.

"கூடுதா?"

"கூடுது அத்தான்."

"சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன்."

"வெயில்ல காய்ஞ்சு வைரம் பாய்ஞ்சிருச்சு போல" என்றார்.

அன்றிலிருந்து நான் அளந்து முடிக்கும்வரை கதவருகே நிற்க ஆரம்பித்தார். நான் சொல்லப்போவதைக் கேட்க ஒருவர் காத்து நின்றது எனக்கு அதுவே முதல் தடவை.

முப்பத்தைந்தாம் நாள் கை தவறிக் கருப்புப் பக்கம் வந்தது. அதை நாங்கள் அளந்ததே இல்லை. கருப்பு என்றால் வெளிச்சம் இல்லை. இல்லாததை எதற்கு அளப்பது என்று இருவருமே இருந்துவிட்டோம். மானி கையில் இருந்ததால் அளந்தேன். பிறகு குவியலிலிருந்து வெயிலே படாத திரை ஒன்றை எடுத்து அதன் கருப்பையும் அளந்தேன். இரண்டு எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்தை மடித்தேன்.

"இன்னைக்கு எவ்வளவு விஞ்ஞானி?" என்றார் அத்தான்.

வெள்ளையின் எண்ணைச் சொன்னேன். மற்றதை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

ஒரு நாள் அக்கா ஜன்னலருகே நின்று பார்த்தாள். "ஏங்க, எழுத்தெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கே?"

"வெளிச்சம் ஜாஸ்தி. உனக்குக் கண்ணு கூசுது."

"ஆமா, எது நடந்தாலும் என் கண்ணுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு மேனேஜரே கூப்பிட்டார். அத்தான் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

"என்னப்பா, முடிவு என்ன? இன்னும் கால் மணி நேரத்துல வேற ஆளுக்கு லெட்டர் போயிரும்."

அத்தான் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு எவ்வளவு?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"இருநூத்து நாப்பத்தொண்ணு" என்றேன். பொய் இல்லை. எண் அதுதான்.

அத்தான் கையை எடுத்தார். "சார், வேற ஆளைப் போட்டுக்கங்க."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"அளந்து சொல்றேன் சார்."

அக்கா மடித்துக்கொண்டிருந்தது அவருடைய கம்பெனிச் சட்டை. காலரை நீவிவிட்டு, அலமாரியின் அடித்தட்டில், போர்வைகளுக்குக் கீழே வைத்தாள்.

"முகத்தைத் தூக்கி வச்சுக்காதே. வா, பள்ளிக்கூடத்துக்கு முதல் பாடம் ரெடி பண்ணியிருக்கேன், பாரு" என்று அவளைக் கூப்பிட்டார். கரும்பலகை மாதிரி, கருப்பில் வெள்ளை எழுத்து. பிள்ளைகளுக்குப் பழகியதாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்ததாகச் சொன்னார். விளக்கின் முன் இருந்த திரையில் பாடத்தைத் திறந்தார்.

பலகை கருப்பாக இல்லை. ஆறிய டீயின் நிறத்தில் இருந்தது. அதில் எழுத்து இருப்பது கிட்டப் போனால்தான் தெரிந்தது.

அத்தான் தோள் துண்டால் திரையைத் துடைத்தார். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"கருப்பு எங்கங்க?" என்றாள் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். "விஞ்ஞானி?" என்றார்.

நோட்டின் மடித்த பக்கத்தைப் பிரித்து அவர் முன் வைத்தேன். குரல் வந்தது.

"முன்னாலயும் பின்னாலயும் ஒரு ஃபிலிம் ஒட்டியிருக்குல்ல அத்தான், கருப்பு வர்றதே அதாலதான். வெயில் அதை வெளுக்குது. அதனாலதான் தினம் வெளிச்சம் கூடுச்சு. திரை நல்லாகல. போயிட்டிருந்துச்சு."

அத்தான் இரண்டு எண்களையும் படித்தார். பக்கத்தில் எழுதியிருந்த தேதியையும் படித்தார். துண்டு அவர் கையிலேயே இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" கேட்டது அக்கா.

"பதினேழு நாளாத் தெரியும்" என்றேன்.