இரண்டு மெயின் சுவிச்

1

இந்தக் கதை ஒரு காகிதத்திலிருந்து வந்தது. தண்ணீர் மோட்டர் வாங்கியபோது பெட்டிக்குள் நான்காய் மடித்து வைத்திருந்தார்கள். முதல் வரி: ‘வேலை தொடங்குமுன் வீட்டின் மெயின் சுவிச்சை நிறுத்தவும்.’ நல்ல வரி. ஒரு கிணறு, ஒரு வீடு, ஒரு சுவிச். எழுதியவர் கொக்குவிலில் இரண்டு வீட்டுக்கு ஒன்றான பங்குக் கிணறு பார்த்திருக்கமாட்டார். பார்த்திருந்தால் இந்தக் கதையையும் அவரே எழுதியிருப்பார். எனக்கு வேலை மிச்சம்.

2

தொடக்கம் (அ): கிணறு என்பது ஒரு குடும்பத்தின் —

(இல்லை. இப்படித் தொடங்கும் கதைகளை நான் அந்த இடத்திலேயே மூடிவிடுவேன்.)

தொடக்கம் (ஆ): மோட்டர் பூட்ட வந்த கிறகோரி, கிணற்றுக்குள் மின்சாரம் தாக்கி இறந்தார்.

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த வாக்கியத்துக்குக் கிறகோரி வரவில்லை. குருநகர்க்காரர், நாற்பத்தாறு வயது, இருபது வருடமாக மோட்டர் பூட்டுகிறார். கிணற்றுக் கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“கதையிலை ஆள் சாகவேணுமெண்டால், எழுதிற ஆள் முதல்லை இறங்கட்டும். நான் மேலை நிண்டு பாக்கிறன்.”

ஆகவே (இ).

3

உதயகலாவின் குளியலறைக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. புதுச் சலவை இயந்திரம் தண்ணீர் போதாது என்று கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். ஒரு இயந்திரம் தன்னைக் குறைசொல்வதை அவளால் பொறுக்க முடியவில்லை. புது மோட்டரும் நீல நிறத்தில் ஒரு பிரஷர் தாங்கியும் வாங்கினாள். தாங்கிக்குள் ஒரு றப்பர் பை, பையைச் சுற்றிக் காற்று. காற்று அழுத்த, தண்ணீர் வேகமாக வரும். குழாயைத் திறக்கும்போதெல்லாம் மோட்டர் ஓடத் தேவையில்லை.

கிறகோரி முதலில் எர்த் கம்பியைப் பூட்டினார். பிறகு, அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கும் வால்வு. பிறகு, வாகனச் சில்லுக்குக் காற்றுப் பார்க்கும் மீற்றரைத் தாங்கியில் வைத்தார்.

“பதினெட்டு. மோட்டர் இருபதிலை தொடங்கும், காத்து அதைவிட ரண்டு குறைய இருக்கவேணும். தண்ணி விடமுந்திப் பாக்கவேணும் அக்கா. பிறகு பாத்தால் பொய் சொல்லும்.”

“ஆர் பொய் சொல்லுறது?”

“மீற்றர். மற்றவையைப் பற்றி எனக்குத் தெரியாது.”

மிஞ்சியது கிணறு. பழைய குழாயின் அடி வால்வு சேற்றில் இறுகி, மேலிருந்து இழுக்க வரவில்லை. இறங்கத்தான் வேண்டும். உதயகலா பக்க விறாந்தைக்குப் போய்த் தன் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு வந்தாள்.

“நிப்பாட்டியாச்சு. இறங்கும், தம்பி.”

கிறகோரி இறங்கவில்லை. கிணற்றுக்குள் கையை நீட்டினார். எதிர்ப்பக்கச் சுவரில் இன்னொரு வயர் தொங்கியது. நடுவில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றி, தண்ணீருக்குள் போனது.

“உது ஆற்றை வயர்?”

“பங்குக்காரற்றை,” என்றாள் உதயகலா, கிணற்றைப் பார்த்துக்கொண்டு.

4

பங்குக்காரர் அவளுடைய அண்ணன் செல்வரட்ணம். இரண்டு வளவுக்கும் நடுவில் இடுப்பளவு எல்லைச் சுவர் கிணறுவரை வந்து நின்று, கிணற்றைத் தாண்டி மறுபடி தொடங்குகிறது. காணி உறுதிப் பத்திரத்தில் கிணறு ஆளுக்குப் பாதி. அவருடைய மோட்டர் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது. மின்சாரம் அவர் வீட்டிலிருந்து வருகிறது.

இருவரும் கதைத்து நாலு வருடம்.

(ஏன் என்பதை மூன்று விதமாக எழுதினேன். சீதனக் காணி: இந்தக் கதை அதைத் தாங்காது. கலியாண வீட்டில் சொல்லாமல் விட்டது: எல்லார் வீட்டிலும் உள்ளது. மிஞ்சியது இது: ஒரு வறட்சியில் அவள் வாளியில் சேறு வந்த நாளில், அந்தப் பக்கம் வாழைகளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அதுதான் சண்டை.)

5

செல்வரட்ணம் சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றடி தூரத்தில், வாழைச் சருகு அரிந்துகொண்டு நின்றார்.

“தம்பி, அங்காலை நிக்கிற ஆளிட்டைச் சொல்லும், மெயினை நிப்பாட்டச் சொல்லி,” என்றாள் உதயகலா.

“தம்பி, கேக்கிற ஆளுக்கு வாய் இருக்கோ எண்டு கேளும்.”

“நான் பைப் வேலைக்கு வந்தனான்,” என்றார் கிறகோரி. “தபால் வேலை அக்காவின்ரை.”

அருவாள் நின்றது.

உதயகலாவுக்கு ஒரு வழி தோன்றியது. கிறகோரியை வீட்டுக்குள் அனுப்பி ஏதாவது எடுப்பித்து, வரும்போது ‘அவர் நிப்பாட்டிப்போட்டார்’ என்று பொய் சொல்லலாம். அந்த வயர் இத்தனை வருடமாக யாரையும் ஒன்றும் செய்யவில்லையே. (நானும் இந்த வழியை விரும்பினேன். தொடக்கம் (ஆ) திரும்பக் கிடைத்திருக்கும்.) ஆனால் கிறகோரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்வதை நம்பி இறங்கப்போகிற கால்கள், முழங்காலுக்குக் கீழே பழைய கீறல்களோடு, அவள் முன்னால் நின்றன.

“அண்ணை,” என்றாள். “மெயினை நிப்பாட்டுங்கோ. ஆள் இறங்கப்போகுது.”

(இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதினேன். வெட்டிவிட்டேன்.)

செல்வரட்ணம் அருவாளைக் கீழே வைத்துவிட்டுப் போனார். நிறுத்தினார். கிறகோரி சுவர் தாண்டிப்போய் அவருடைய மோட்டர்ப் பெட்டியைத் திறந்து, மின்சாரம் இருக்கிறதா என்று ரெஸ்ரர் வைத்துப் பார்த்தார். அதன் விளக்கு எரியவில்லை. அப்போதும் இறங்கவில்லை.

“வீட்டுக்கு ஆரும் வருவினமோ?”

“மனுசி கோயிலாலை வருவா,” என்றார் செல்வரட்ணம். “வந்த உடனை ஃபான் போடுவா.”

“ஃபான் சுத்தாட்டி சுவிச்சைத் தூக்குவா. நான் கீழை முடிஞ்சன். கதிரையைப் போட்டு மெயினடியிலை இருங்கோ அண்ணை. நான் ஏறுமட்டும் எழும்பக்கூடாது. அக்கா, நீங்களும் உங்கடை மெயினடியிலை.”

6

இரண்டு வீட்டு மெயின் பலகையும் பக்க விறாந்தையில், நேருக்கு நேர். நடுவில் இடுப்பளவு சுவர். இரண்டு கதிரை. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

அண்ணனுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அது எப்போது நடந்தது என்று உதயகலாவுக்குத் தெரியாது.

கிணற்றுக்குள் குறடு இரும்பில் தட்டும் சத்தம்.

“வெக்கை,” என்றார் செல்வரட்ணம், யாருக்கும் இல்லாமல்.

“ஓம்,” என்றாள் உதயகலா.

செல்வரட்ணத்தின் மனைவி மகாதேவி அர்ச்சனைத் தட்டோடு வந்தாள். விறாந்தையில் ஏறி ஃபானைப் போட்டாள். அது சுற்றாததால், பழக்கத்தில் மெயின் சுவிச்சை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

“கை வையாதை!”

“கை வையாதேங்கோ அண்ணி!”

இரண்டு குரலும் ஒன்றாய் வந்தன. மகாதேவி தட்டோடு நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“என்னப்பா, ரண்டு பேரும் ஒரே கட்சியோ? எப்ப துவக்கம்?”

அவள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். எத்தனை பேருக்கு என்று கேட்கவில்லை.

7

முடிவு (அ): இருவரும் அழுதார்கள். (செல்வரட்ணம் மறுத்துவிட்டார்.)

முடிவு (ஆ): கிறகோரி ஏறினார், சுவிச்சுகள் போடப்பட்டன, இருவரும் தத்தம் வீட்டுக்குள் போனார்கள். சலவை இயந்திரம் கீச்சிடவில்லை. (இதுதான் நடக்கக்கூடியது. ஆகவே பயமாக இருக்கிறது.)

இப்போதைய நிலவரம்: செல்வரட்ணம் கதிரையின் நுனிக்கு வந்திருக்கிறார்.

“கலா,” என்கிறார். “நான் ஒண்டு கேக்கட்டோ?”

அதே நேரம் கிணற்றுக்குள்ளிருந்து:

“வால்வு பூட்டியாச்சு. ஏறட்டோ?”

கிறகோரி ஏறினால் இருவரும் எழும்பலாம். எழும்பினால் போய்விடுவார்கள், நான் இவர்களை அறிவேன். அவரைக் கொஞ்சம் கீழே நிற்கச் சொல்லலாம். ஆனால் தண்ணீர் நெஞ்சளவு, குளிர், ஏற்கெனவே ஒருமுறை அவரை நான் சாகவைக்கப் பார்த்தவன். என் சொல்லை இனி அவர் கேட்கமாட்டார்.

நீங்கள் அவரிடம் சொல்லுங்கள். கிணற்றுக் கட்டுச் சுவரில் குனிந்து, கொஞ்சம் சத்தமாய்.