கோடு போட்ட சொல்

1

என் நாட்குறிப்பில் நானே கோடு போட்டு அடித்த ஒரு சொல்லிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாட்குறிப்பு, கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்புக்காக எழுதுவது: தேதி, நேரம், பார்த்தது, பத்து வரி.

முதல் தொடக்கம்: 'அக்கா பூச்சிகளை நேசித்தாள்.' (பொய். பூச்சி மேலே ஏறினால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். படத்தில் இருந்தால்தான் பிடிக்கும்.)

இரண்டாவது: 'கண்ணாடிக் கடையின் பின்னறையில், காலை வெயில் லென்சுகளின் மேல்' — வெயிலே எட்டிப் பார்க்காத அறை அது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது: அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். சாப்பாட்டு இடைவேளையில், யார் யாரோ இணையத்தில் போடும் வெட்டுக்கிளிப் படங்களைப் பார்த்து, இது இன்ன இனம் என்று எழுதுகிறாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

சுமார்தான். இருக்கட்டும்.

2

சண்டைக்குக் காரணமான படம் நான் எடுத்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. விரல் நீளம்கூட இல்லாத பழுப்பு வெட்டுக்கிளி. முகமும் உணர்கொம்பும் தெளிவாக விழுந்திருந்தன. முதுகின் குறுக்கே மட்டும் ஒரு புல். இறக்கை உண்டா இல்லையா என்பதை அந்தப் புல் மறைத்துவிட்டது.

சாய்ந்த முகத்தையும் தட்டையான உணர்கொம்பையும் பார்த்த அக்கா, 'முழுதாக வளர்ந்தது; இந்தப் பக்கம் இதுவரை யாரும் பதியாத சின்ன இனம்' என்று எழுதினாள். அந்தத் தளத்தில் மூவாயிரம் படங்களுக்குப் பெயர் சொன்ன ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அவர் பெயர் மூவாயிரத்தார். 'எங்கும் இருக்கும் பெரிய இனத்தின் குஞ்சு' என்றார் அவர். பின்னாலேயே இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால்தான் அங்கே ஒரு பதிவு முடியும்; அக்கா தன் கருத்தைத் திரும்பப் பெற்றால் இதுவும் முடிந்துவிடும்.

(அடிக்குறிப்பு மாதிரி: போன வருடம் ஒரே இனத்தின் பச்சையையும் பழுப்பையும் இரண்டு இனம் என்று பதினோரு படங்களில் எழுதிவிட்டாள். அவளே கண்டுபிடித்து, பதினொன்றையும் திருத்தினாள். மூவாயிரத்தார் மறக்கவில்லை. இம்முறையும் கேட்டார்: 'மறுபடியும் நிறத்தைப் பார்த்தீர்களா?')

3

"விட்டுக் குடுத்துடேன்க்கா. ஒரு பூச்சிக்குப் போய் இவ்வளவா?"

"தப்புன்னா நானே சொல்லுவேன். பதினோரு தடவை சொல்லியிருக்கேன். இது தப்பில்ல." டிபன் டப்பாவை மூடினாள். "அது கிடக்கட்டும். படம் எடுத்ததும் அது என்னடி பண்ணுச்சு? பறந்துச்சா, குதிச்சுதா?"

குஞ்சுக்கு இறக்கை முளைத்திருக்காது. குதிக்கும், பறக்காது. பறந்திருந்தால் அக்கா சொன்னதுதான் சரி.

நாட்குறிப்பைப் புரட்டினேன். மாலை 5.10. 'வெட்டுக்கிளி குதித்தது' என்று எழுதி, 'குதித்தது' மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'பறந்தது' என்று எழுதியிருந்தேன்.

அக்கா அந்தப் பக்கத்தை லென்ஸைப் பார்ப்பது போல விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"பாத்து மாத்தினியா, அழகுக்கு மாத்தினியா?"

அந்த வாரம் வகுப்பில் வினைச்சொற்களுக்கு உயிர் கொடுப்பது பற்றிப் பாடம். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"பறந்துச்சுன்னே போடுக்கா. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன். மூஞ்சியப் பாத்து சொன்னேன். அதுக்கு உன் கிறுக்கல் முட்டுக் குடுக்க வேணாம்."

4

முடிவு அ: பெரிய நிபுணர் ஒருவர் வந்து, அக்காதான் சரி என்கிறார். படித்துக் காட்டினேன். "எனக்காக நீ ஜெயிக்காத" என்றாள்.

முடிவு ஆ: அக்கா பணிந்து, பக்குவமடைந்து, ஒரு நாள் — இல்லை. கை கூசுகிறது.

நடந்தது இதுதான். அவள் தட்டெழுதினாள்: 'பறந்ததா என்பது படம் எடுத்தவருக்கு நினைவில்லை. நான் நிறத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். என் கருத்தில் மாற்றமில்லை.'

மூன்றுக்கு ஒன்று. பதிவு இன்னும் அப்படியே நிற்கிறது.

5

கதை ஏதாவது ஒரு சொல்லில் நிற்க வேண்டும், மற்றதை அடித்துவிடு என்றார் வகுப்பு ஆசிரியை. மாட்டேன். எதற்காக அடித்தோம் என்றே தெரியாமல் ஒரு தடவை அடித்த கை இது. கோடு போட்ட சொல்லையும் மறுபடி எழுதி வைக்கிறேன்: குதித்தது. பறந்தது.

இதில் எது என்று உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், காலி மனை அங்கேதான் இருக்கிறது, புல்லும் இருக்கிறது. மாலை 5.10க்குப் போங்கள். பார்த்ததை எழுதுங்கள். எழுதியது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் திரும்பப் படித்துப் பார்க்காதீர்கள்.