காதைக் கழுவச் சொன்ன பாட்டு

அந்தத் தையல் கூடத்தில் அறுபத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு காதுதான் இருந்தது. அது செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்த ரேடியோக்காவின் காது. காலரில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்திரியால் நறுக்குவதும், தையல் கோணியிருந்தால் சட்டையைத் திருப்பி அனுப்புவதும்தான் அவள் வேலை. அதோடு, சுவரில் மாட்டியிருந்த நான்கு ஸ்பீக்கர்களுக்கும் பாட்டுப் போடுகிற பொறுப்பையும் பத்து வருஷத்துக்கு முன்பு யாரோ அவள் தலையில் கட்டினார்கள். கட்டியது யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. அவிழ்த்துவிட அவளும் இடம் கொடுக்கவில்லை.

பாட்டு விஷயத்தில் அவள் மகா கறார். கோணல் தையலை எப்படி விடமாட்டாளோ, அப்படியே கோணல் பாட்டையும் விடமாட்டாள். யாராவது ஒரு பாட்டுக் கேட்டால் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்பாள். பார்க்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம்.

வருஷத்தின் கடைசி வேலை நாளில் அங்கே ஒரு தேர்தல் நடக்கும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அந்த வருஷத்தில் தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டை எழுதிக் காலிப் பொத்தான் டப்பாவில் போட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியோக்கா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கில் படிப்பாள். ஜெயித்த பாட்டு முழுசாக ஓடும். அது முடியும்வரை ஒரு மெஷினும் ஓடாது. முன்பெல்லாம் அவள் தனியாகத்தான் எண்ணினாள். தொடர்ந்து ஆறு வருஷம் அவளுக்குப் பிடித்த பாட்டே ஜெயித்ததில் சந்தேகப்பட்ட கட்டிங் மாஸ்டர், "எல்லார் முன்னாடியும் பிரிம்மா, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டார். பிரித்தாள். அப்போதும் அவள் பாட்டுதான் ஜெயித்தது. தில்லுமுல்லு ஒன்றுமில்லை. கடைசி இரண்டு மாதமும் ஒரே பாட்டை நாளுக்கு நாலு தடவை போட்டால், சீட்டெழுதும்போது வேறு எது ஞாபகத்துக்கு வரும்?

இந்த வருஷம் அவள் வேட்பாளர் படகுப் பாட்டு. ஒரு ஆண் குரல், ஒரு புல்லாங்குழல், அவசரமே இல்லாத நடை. அதைக் கேட்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் இரண்டொரு கோணல் சட்டைகள் தப்பிப்பதும் உண்டு.

அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதது பெல் பாட்டு. வருஷத் தொடக்கத்தில் வந்தது. சைக்கிள் பெல் இரண்டு தடவை அடிக்கும், பிறகு ஒரு பெண் கரகரத்த குரலில் மூச்சுவிடாமல் பாடுவாள். வரிக்கு வரி அந்தப் பெல். ஊரெல்லாம் அதுதான் ஓடியது. கூடத்தில் மட்டும் ஓடவில்லை.

அந்தப் பாட்டால்தான் காஜாவோடு சண்டை வந்தது. பொத்தான் துளைக்கான காஜா மெஷினில் இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். ரேடியோக்காவின் மேஜைக்குப் பக்கத்திலேயே அவள் இடம். ஒன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே டிபன் டப்பா மாதிரி இருந்தார்கள், யார் சாப்பாட்டை யார் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கே கிடையாது. இந்த வருஷத் தொடக்கத்தில் காஜா நாள் முழுக்கப் பெல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துளை போடுவாள். மார்ச்சில் ஒருநாள், "எனக்காக ஒரே ஒரு தடவை போடேன்டி" என்று கேட்டாள்.

ரேடியோக்கா மைக்கை எடுத்தாள். "நம்ம காஜாவுக்குப் பெல் பாட்டு வேணுமாம். அதைக் கேக்கறவங்க காதைச் சோப்பு போட்டுக் கழுவணும். மொதல்ல யாராவது இவளைக் கூட்டிட்டுப் போய்க் கழுவி விடுங்க" என்றாள். கூடமே கொல்லென்று சிரித்தது. காஜாவும் சிரிப்பாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

காஜா சிரிக்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று முதல் பேச்சில்லை, முணுமுணுப்பும் இல்லை. மெஷினைத் தரையோடு முடுக்கியிருந்ததால் இடம் மாற வழியில்லை. ஒன்பது மாதம் கைக்கெட்டும் தூரத்தில் முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். ரேடியோக்காவுக்கு அது வலித்தது, ரொம்பவே வலித்தது. ஆனால் இறங்கிப்போக மனசு வரவில்லை. தப்பு பாட்டின் மேல்தானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். இப்போது அந்த நியாயத்துக்கும் நாள் குறைவு. புது வருஷத்திலிருந்து காஜா மெஷின் மாடிக்குப் போகிறது என்று சூப்பர்வைசர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். இன்றைக்குத்தான் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும் கடைசி நாள்.

சாப்பாடு முடிந்தது. மெஷின்கள் நின்றன. ரேடியோக்கா பொத்தான் டப்பாவைக் குலுக்கி, முதல் சீட்டைப் பிரித்து, கணீரென்று படித்தாள்.

"பெல் பாட்டு. ரேடியோக்கா பாடினது."

நாலு ஸ்பீக்கரிலும் அவள் குரலே திரும்பி வந்தது. அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"யாருடா இது? அயர்ன் அண்ணே, உங்க குசும்புதானே?"

இஸ்திரிக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவள் அடுத்ததைப் பிரித்தாள்.

"பெல் பாட்டு. அக்கா பாடுனது."

மூன்றாவது, படகுப் பாட்டு. மூச்சு வந்தது. நான்காவது, பெல் பாட்டு. ஐந்தாவது, "ஸ்பீக்கர் கெட்டுப்போன அப்போ நம்ம ரேடியோ பாடின பெல் பாட்டு". ஆறு, ஏழு, எட்டு, எல்லாமே அதுதான். அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. இருபதாவது சீட்டில் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் எப்போ பாடினேன்?" என்று கேட்டாள்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கட்டிங் மாஸ்டர்தான் வாய் திறந்தார்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? ஆகஸ்ட்ல ஸ்பீக்கர் பதினேழு நாள் கெட்டுக் கெடந்துச்சே, அப்போ. தினம் பாடினே. நூலு வெட்டிக்கிட்டே பாடுவே. நாங்க மெஷினைக்கூட மெதுவா ஓட்டுவோம், உன் குரல் கேக்கணும்னு."

"நானா? அந்தக் கண்றாவியையா?"

"நீயேதான். பெல்லு வர்ற எடத்துல கத்திரியால மேஜைக் காலைத் தட்டுவே. ரெண்டு தட்டு. அதுவும் தாளம் தப்பாம."

இவர்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள், வேறென்ன? சொந்த வாய் பாடியது சொந்தக் காதுக்குக் கேட்காமல் போகுமா? அதுவும் இந்தக் காதுக்கா? நிரூபித்துவிடும் ஆத்திரத்தில் குனிந்து மேஜைக் காலைப் பார்த்தாள்.

வலது கை தொங்கும் இடத்தில், கத்திரி எட்டும் உயரத்தில், பச்சைப் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. காசளவுக்கு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வடுக்கள். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பத்து வருஷமாக அவள் மட்டுமே உட்காரும் மேஜை அது.

ஊர்ப் பாட்டையெல்லாம் தரம் பிரித்தவளுக்குத் தன் வாயில் ஓடியது எதுவென்றே தெரியவில்லை. ஆகஸ்டில் அந்தப் பாட்டு அவளுக்கு எங்கிருந்து வந்தது? கூடத்தில் அது ஓடியதே இல்லை. வீட்டிலும் ஓடியதில்லை, தெருவில் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். அப்புறம்தான் உறைத்தது. பக்கத்து மெஷினிலிருந்து இரண்டு மாதம், தினமும், முணுமுணுப்பாக வந்து நுழைந்தது அது. அங்கே முணுமுணுப்பு நின்றுபோன பிறகு, ஸ்பீக்கரும் வாயை மூடிய பிறகு, அந்த வெறுமை தாங்காமல் இவள் வாய் தானாகவே அதை எடுத்துப் பாடியிருக்கிறது.

"மிச்சத்தை எண்ண வேணாம், ஜெயிச்ச பாட்டைப் போடுங்கக்கா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"என்கிட்ட இல்லையே" என்றாள் ரேடியோக்கா.

"அப்போ பாடுங்க!"

வாயைத் திறந்தாள். ஒரு வரிகூட வரவில்லை. வேண்டுமென்று தேடினால் கிடைக்கவே இல்லை. அறுபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். காஜா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மெஷினின் எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு ரேடியோக்கா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"உண்மையாவே நான் பாடினேனா?"

காஜா துடைப்பதை நிறுத்தவில்லை. "பாடின. பதினேழு நாளும். ரெண்டாவது வரியைத் தப்பாப் பாடின."

"பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருந்தியே. நீ பாடறது பெல் பாட்டுடின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் மூக்கை அங்கேயே உடைச்சிருக்கலாமே?"

காஜா துணியைக் கீழே வைத்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியே."

ரேடியோக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முக்காலியைக் காஜாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மைக்கை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"சரி, அந்த ரெண்டாவது வரி என்னன்னு சொல்லு" என்றாள்.