264க்கு இரண்டு மார்க்

அந்தத் தாளில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'இன்று சாம்பிள் அனுப்பியவர்களில் உங்கள் உறவினர் யாராவது இருக்கிறார்களா?' தீபிகா 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். போட்ட பிறகு பேனாவின் மூடி கையில் நிற்காமல் இரண்டு தடவை கீழே விழுந்தது.

அவளுடைய அப்பா சின்னையன் அனுப்பிய காபி அன்றைக்கு அந்த அறையில்தான் இருந்தது. ஐந்தில் ஒன்று. எது என்றுதான் தெரியாது.

பெங்களூரில் அந்தக் காபிப்பொடி கம்பெனிக்கு அவள் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ருசி பார்ப்பதுதான் வேலை. பன்னிரண்டு பேர் தடுப்பு வைத்த மேஜைகளில் தனித்தனியாக உட்காருவார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத காபி சின்னக் கிண்ணங்களில் வரும். யாருடைய காபி என்று தெரியாமலிருக்க, கிண்ணத்தில் மூன்று இலக்க எண் மட்டும் ஒட்டியிருக்கும். கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போட வேண்டும். ஏற்காட்டு மலையில் அவள் ஊரான மஞ்சக்குட்டையில் இதைக் கேட்டபோது அம்மா பாவாயி நம்பவே இல்லை. "துப்பறதுக்கா சாமி சம்பளம் தர்றாங்க?" என்று போனில் மூன்று தடவை கேட்டாள்.

அந்த வருஷம் கம்பெனி சேர்வராயன் மலைக் காபியை விவசாயியின் பெயரோடு தனி பாக்கெட்டாகப் போட முடிவு செய்திருந்தது. தேறுகிற ஒருவரின் விளைச்சலை மூன்று வருஷத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கும் சாதிக் பாஷாதான் ஐந்து பேரிடம் கொட்டை வாங்கி அனுப்பி வைத்தார்.

"பாய், நான் சின்னையன் மகள்னு கம்பெனில யாருக்கும் தெரிய வேண்டாங்க" என்று தீபிகா அவருக்குப் போன் செய்தாள்.

"நான் ஏங்கண்ணு சொல்றேன்? நான் காபி விக்கறவன், சேதி விக்கறவனா?" என்றார் பாஷா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கப்பன் கொட்டை இந்த வருசம் நொம்ப அழகா இருக்குது. நீ பாத்தியா?" என்றார்.

அவள் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கொட்டை அவள் சொல்லிச் சொல்லி வந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படிக்க வராது என்பதால், ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து தினமும் வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். செவந்த பழத்தை மட்டும் பறிங்கப்பா. தரையில காயப் போடாதீங்க, மூங்கில் கட்டி வலையில போடுங்க. வெயில் ஏறினா மூடி வைங்க. சின்னையன் அத்தனையும் செய்தார். பழம் சிவக்கச் சிவக்க ஒரே செடிக்கு நான்கு முறை வந்து பறித்தார். பக்கத்துக் காட்டுத் தனபால் வேலியோரம் நின்று, "ஏனுங்க மாமா, பழத்துக்குக் கட்டல் போட்டிருக்கறீங்க, தலகாணி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதை அப்பா சிரித்துக்கொண்டே பேசி அனுப்பியிருந்தார்.

சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. அவர்களுடைய ஒன்றரை ஏக்கர் காபிக் காடு பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி இருக்கும். சேலத்திலிருந்து ஒரு ரிசார்ட்காரர் ஒரு வருஷமாக அதற்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். கோடை விழாவுக்கு முன்னால் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார். மழை தப்பிய நாலு வருஷத்தில் சின்னையனுக்கும் பிடிமானம் விட்டுப் போயிருந்தது. "கம்பெனிக்காரன் எடுத்தான்னா காடு நம்முளது. எடுக்கலைன்னா குடுத்துட்டு அடிவாரம் பக்கம் போயிர்ரது. வேறென்ன கண்ணு பண்றது?" என்றார். அந்தக் குரலை அவள் எத்தனையோ தடவை திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு ருசி பார்ப்பதற்கு முன்னால் மேலாளர் ரொனால்ட் எழுந்து நின்றார்.

"இந்தத் தடவை ஆவரேஜ் கிடையாது. போன வருஷம் ஆவரேஜ்ல முதல்ல வந்ததைக் கடைக்கு அனுப்பினோம். பாதிப் பேர் கொண்டாடினாங்க, மீதிப் பேர் பாக்கெட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. வாங்கப்போறவன் யாருன்னே நமக்குத் தெரியாது. பால் ஊத்துவானா, கசப்பு கேப்பானா, வாசனை கேப்பானா, எதுவும் தெரியாது. தெரியாதப்போ என்ன செய்யணும்? ஒவ்வொரு சாம்பிளுக்கும் விழுந்த ஆகக் குறைஞ்ச மார்க்கை மட்டும் எடுத்துக்கணும். அந்தக் குறைஞ்ச மார்க் எதுக்கு அதிகமா இருக்கோ அதுதான் தேறும். எவனும் தூக்கி எறியாத காபி வேணும் நமக்கு."

"அப்ப யாருக்கும் ரொம்பப் பிடிக்காத காபிதான் ஜெயிக்கும்னு சொல்லுங்க சார்" என்றாள் அடுத்த மேஜை சுதாராணி.

"அதுக்குப் பேருதாம்மா வியாபாரம்."

எல்லோரும் சிரித்தார்கள். தீபிகா மட்டும் சிரிக்கவில்லை. பதினோரு பேர் தலையில் வைத்து ஆடினாலும் ஒருவர் ஒரு குறைந்த மார்க் போட்டால் போதும், அந்தக் காபி வெளியே போய்விடும். அதுதான் அவளுக்குப் புரிந்தது.

முதல் இரண்டு கிண்ணங்கள் வழக்கமானவை. மூன்றாவது 719. ஒரு வாய் உறிஞ்சியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லேசான புகை. நாக்கின் அடியில் நிற்கிற கசப்பு. மழை விழுந்த மண்ணைப் போல ஒரு வாடை. தகரக் கூரை, அடுப்படி, பித்தளை டம்ளர், தலைமுடி ஈரத்தோடு பள்ளிக்கூட ஜீப்புக்கு ஓடிய காலை எல்லாம் அந்த ஒரு கரண்டிக்குள் இருந்தன. நம்மூடு. இது நம்மூட்டுக் காபி. தரையில் கிடந்த கொட்டைக்குத்தான் இந்த மண்வாடை வரும், இது குறை என்று வேலையில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அவள் நினைவுக்கு வரத்தான் செய்தது. வந்ததை ஒதுக்கிவிட்டு ஒன்பது போட்டாள்.

நான்காவது 264. அது வேறு ஜாதியாக இருந்தது. பழம் போல ஒரு தித்திப்பு, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல மெல்லிய புளிப்பு, துப்பின பிறகும் நிற்கிற வாசனை. ஒரு குறை தேடினாள், கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. யாரோ ஒரு பெரிய எஸ்டேட்காரர் மெஷின் வைத்து, ஆள் வைத்துச் செய்திருப்பார். இவருக்கு இந்தப் பாக்கெட் இல்லாவிட்டாலும் சோறு இறங்கும். எங்கப்பாவுக்கு?

பேனா எட்டுக்குப் போனது, நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சுதாராணி சத்தம் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தீபிகா 264க்கு நேராக இரண்டு என்று எழுதினாள். காரணம் எழுதுகிற இடத்தில் 'புளிப்பு' என்று போட்டாள். ஐந்தாவது கிண்ணத்தின் ருசி அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் காலை பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். எண்களுக்குப் பக்கத்தில் பெயர்கள். 719 விவசாயி என்று சொல்லிச் சேர்ந்துகொண்ட ஒரு வியாபாரியின் கலப்பு, கீழே உதிர்ந்த கொட்டையும் உடைசலும் சேர்ந்தது என்று குறிப்பு. மற்ற பதினோரு பேரும் அதற்கு மூன்றுக்கு மேல் போடவில்லை. தேறியது 385. எல்லோரும் அதற்கு ஆறு, ஆறரை போட்டிருந்தார்கள். எவரும் தூக்கி எறியாத காபி.

264: சின்னையன், மஞ்சக்குட்டை.

பதினோரு பேர் எட்டும் ஒன்பதும். ஒருவர் இரண்டு.

"ச்சே, யாருடி அந்தப் புண்ணியவதி?" என்று சுதாராணி அவள் தோளைத் தட்டினாள். "நான் ஒம்பது போட்டேன்பா அதுக்கு. வீட்டுக்கு ஒரு கிலோ கேக்கலாம்னு இருந்தேன்."

தீபிகா நேராக ரொனால்ட் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அப்பா, தாள், டிக், இரண்டு மார்க், எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த ரெண்டை எடுத்துடுங்க சார். நான் போட்டது பொய். மத்த பதினோரு பேர் போட்டதை மட்டும் பாருங்க."

"எடுக்க முடியாதும்மா. உறவுக்காரங்க உட்கார்ந்து மார்க் போட்டா அந்தச் சாம்பிளையே போட்டியிலேருந்து எடுத்துடணும். அதான் ரூல்." அவர் கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். "நீ உள்ளதைச் சொன்னாலும் அவர் வெளியே. சொல்லாம இருந்திருந்தாலும் வெளியே. டிக் போடறப்பவே 'ஆமா'ன்னு போட்டு எழுந்து போயிருந்தா, இன்னைக்குப் பலகையில அவர் பேருதான் முதல்ல இருந்திருக்கும்."

அவள் வேலையும் அன்றோடு போயிற்று. அது அவளுக்கு உறைக்கவே இரண்டு நாளானது.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்தில் இறங்கி ஏற்காடு பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு ஒரு வார்த்தை தயார் செய்தாள். மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறும்போது ஒன்றும் மிச்சமில்லை.

சின்னையன் காட்டோரம் நின்றிருந்தார். மூங்கில் கட்டிய வலைப் படுக்கைகள் காலியாக வரிசையாக இருந்தன. அவர் முதலில் பார்த்தது அவளுடைய பையை.

"என்ன கண்ணு, பை இத்தச்சோடு பெருசா இருக்குது?"

"லீவு போட்டிருக்கறேன்ப்பா."

"பாய் வந்து கம்பெனி அனுப்புன தாளப் படிச்சுச் சொன்னாரு. பதினோரு பேரு எட்டு ஒம்பதுன்னு போட்டிருக்கறாங்களாமா!" அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து, அங்கேயே தயங்கி நின்றது. "ஒரே ஒருத்தரு மட்டும் ரெண்டு. அவரு என்னத்துக்குப் புடிக்கலைன்னு சொன்னாருன்னு ஏதாச்சும் கேட்டியா? நாம்புளும் எங்கியோ தப்பு பண்ணியிருப்போமில்ல. வலைய மூடாம ஒரு நாள் வெயில்ல உட்டுட்டேன், அதுவா இருக்குமோ?"

பாவாயி டம்ளரோடு வந்தாள். "பஸ்ல வந்த புள்ளைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறீங்க. இந்தா சாமி, குடி."

தீபிகா ஒரு வாய் குடித்தாள். புகை. கசப்பு. மண்.

719.

"அம்மா, இது எந்தக் கொட்டை?"

"எப்பவும் போடறதுதான். கீழ உதுந்தது, உடைசலு. நல்ல கொட்டையப் போட்டு நாம்புளே குடிச்சா விக்கறதுக்கு என்ன இருக்கும்?"

"நல்ல கொட்டைல நான் எப்பவாச்சும் குடிச்சிருக்கறனாம்மா?"

பாவாயி யோசித்தாள். "நானே குடிச்சதில்லயே சாமி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு தீபிகா சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை முந்திக்கொண்டு வந்தது. நம்மூட்டுக் காபின்னு நெனச்சு வேறெதுக்கோ ஒம்பது போட்டேன்ப்பா. நம்முளதுன்னு தெரியாம நம்முளதத்தான் கீழ தள்ளிட்டேன். அந்த ரெண்டு போட்டது நாந்தான்ப்பா.

பாவாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். சின்னையன் ரொம்ப நேரம் வலைப் படுக்கையின் ஒரு முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"சாம்பிளுக்கு எடுத்து வெச்ச கொட்டை ஒரு டப்பா இருக்குதில்ல பாவாயி? வறு."

"இப்பவா?"

"இப்பத்தான். அதையும் வெச்சுட்டு என்ன பண்றது?"

வறுத்து, இடித்து, வடிகட்டினார்கள். பால் ஊற்ற வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்றார் சின்னையன். பெங்களூரில் குடித்த மாதிரியே குடிக்க வேண்டுமாம். மூன்று டம்ளரில் ஊற்றி மூன்று பேரும் காட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆரஞ்சுத் தோல் வாசனை மெல்ல எழுந்தது. தீபிகாவால் உதட்டில் வைக்க முடியவில்லை.

சின்னையன் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"எனக்கும் புடிக்கல கண்ணு" என்றார். "கசப்பே காணோம். என்னமோ புளிச்சாப்புல இருக்குது. நானா இருந்தாலும் ரெண்டுதான் போட்டிருப்பேன். இதுக்குப் போயி அழுவாங்களா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக ஒரு வாய் காபியில் இருக்கிற பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. அப்பா பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டே அவர் டம்ளரை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்திருந்தார். அடியில் தங்கிய மண்டியைக்கூட விரலால் வழித்து நக்கிவிட்டு, அவள் பார்க்கிறாளா என்று பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தேடினார். கிடைக்காமல் அவளிடம் நீட்டினார். ரிசார்ட்காரரின் எண்ணை அவளே எடுத்துத் தந்தாள்.

"ஏனுங்க, சின்னையன் பேசறனுங்க, மஞ்சக்குட்டை... ஆமாங்க... சரின்னு முடிவு பண்ணியாச்சுங்க. நாளைக்கே வாங்க." சற்று நிறுத்தினார். கண் காபிச் செடிகளின் மேல் இருந்தது. "ஒண்ணே ஒண்ணுங்க. செடிய வெட்டறதுக்கு ஆளு நீங்களே கூட்டியாந்துருங்க. எங்கூட்டு ஆளுங்க யாரையும் அதுக்குக் கூப்புடக் கூடாது."