நீ முதலில் சாப்பிடு

அஃப்சலுக்குச் சோறு நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தாலும் இறங்காமல் கண் பிதுங்கும். துபாயில் பாலில்லாத சுலைமானி டீ குடித்துக்கொண்டு கிடந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்குக் கடையநல்லூர் வந்து, மனைவி மிஸ்ரியா கையால் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கூத்து. திரும்பிப் போகும் டிக்கெட்டைத் தள்ளிவைத்தான். அதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்தது சந்தேகம். தன்னைப் போகவிடாமல் நிறுத்த இவள் சோற்றில் வசிய மருந்து வைத்துவிட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் காய்ச்சித் தரும் ஏலக்காய்ப் பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். தட்டு வந்தால், "நீ மொதல்ல சாப்பிடு" என்பான். அவளும் சாப்பிடுவாள். குற்றாலத்தில் சாரலில் நனைந்துகொண்டே தின்ற பரோட்டா சிக்கியபோதுகூட, உள்ளே கிடக்கிற மருந்துதான் மறிக்கிறது என்று முடிவு கட்டினான். செங்கோட்டைப் பக்கம் வயிற்றிலிருந்து வசிய மருந்தெடுக்கிற ஒருவரிடம் ரகசியமாகப் போனான். அவர் தொப்புளில் குழாய் வைத்து உறிஞ்சி, ஒரு கரிய உருண்டையைத் துப்பிக் காட்டினார். அன்று மதியமே வீட்டில் கறித்துண்டு சிக்கியது. மிஸ்ரியாதான் ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குக் கொண்டு ஓடினாள்.

டாக்டர் வித்யாலட்சுமி குழாய் விட்டுக் கறியை எடுத்தார். உணவுக்குழாயிலிருந்து துளி சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். ரத்தத்தில் ஈசினோபில் என்றொரு அணு உண்டு, புழுபூச்சியோடு சண்டை போடுவதற்கு. உணவுக்குழாயில் அதற்கு வேலையே கிடையாது. இவருக்கு அங்கே கூட்டமாகக் குடியேறியிருக்கிறது. ஏதோ ஒரு சாப்பாட்டை எதிரி என்று நினைத்து அது அடிக்கிற அடியில், குழாய்தான் வீங்கி இறுகிப்போகிறது. பெரும்பாலும் பாலாக இருக்கும், நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.

"சாப்பாட்டுல தப்பில்ல. உங்க உடம்புதான் அதச் சந்தேகப்படுது."

வேறு வைத்தியம் ஏதாவது பார்த்தீர்களா என்றும் கேட்டார். அஃப்சல் யோசிக்காமல் மருந்தெடுத்த கதையைச் சொல்லிவிட்டான். யார் வைத்த மருந்து என்று டாக்டர் கேட்டபோதுதான் அவன் கண் மிஸ்ரியா பக்கம் போய்த் தரைக்குத் தாழ்ந்தது. மிஸ்ரியா திரும்பி அவனைப் பார்த்தாள்.

பஸ் கடையநல்லூர் நெருங்கும்போது சொன்னாள்: "நான் சாப்பிடாம நீங்க சாப்பிட மாட்டியன்னு எங்க உம்மாட்ட பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன், மச்சான்."

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் பால் படாத சோறும் மீன்குழம்பும் தட்டில் போட்டாள். அவன் கை நீட்டுமுன் ஒரு வாய் எடுத்துத் தான் சாப்பிட்டாள். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இனி நீங்க சாப்பிடுங்க."

இந்த முறை சிக்கியது சோறு இல்லை. அவனால்தான் அதை அள்ளி வாயில் வைக்க முடியவில்லை.